நூற்று அறுபத்து நான்காவது படம்

ஜனவரி 6, செவ்வாய்

மகராசி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த பிறகுதான் இந்த நோட்டை எடுக்க முடிகிறது. இது போன வருட இயற்பியல் ரெக்கார்டு. பின்னால் நாற்பது பக்கம் காலி. மகராசி என் அக்கா. குரூப் நான்கு தேர்வுக்கு மூன்றாவது வருடமாகப் படிக்கிறாள். எழுத்து இருக்கிற எதையும் விடமாட்டாள், பஜ்ஜி சுற்றி வந்த தாளைக்கூட. அதனால் நோட்டு அரிசி டிரம்முக்கு அடியில் இருக்கிறது. வெளிச்சம் அம்மாவின் போன் டார்ச். அம்மா தண்ணீர் பிடிக்க நாலரைக்கு எழுவாள், அதற்குள் போன் சார்ஜில் இருக்க வேண்டும்.

இன்று ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ எடுத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நூற்று அறுபத்து மூன்று பேர். ஆங்கில எழுத்து வரிசைப்படி வெயிலில் நின்றோம். நான் நாற்பத்தொன்று, இசக்கியம்மாள், ஆங்கிலத்தில் E-யில் தொடங்கும். எனக்கு அடுத்து எஸ்தர். ஆறாம் வகுப்பிலிருந்தே என் பின்னால் நின்று முதுகில் கிள்ளுவதே அவள் வேலை.

பளிச்சென்று விளக்கு அடித்தபோது கண்ணை மூடிவிட்டேன். எனக்கே தெரிந்தது.

"அண்ணாச்சி, இன்னொண்ணு எடுங்க."

"எல்லாரும் ரெண்டு ரெண்டு தடவ நின்னா நான் பொங்கலுக்குத்தாம் வீட்டுக்குப் போவேன்."

"எட்டி, உனக்கு மட்டும் என்ன கல்யாண ஆல்பமா?" என்றாள் எஸ்தர்.

ஸ்டுடியோ அண்ணாச்சி முனகிக்கொண்டே இன்னொன்று எடுத்தார். பெயர்ப் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டிருந்த ஆபீஸ் ஜெசிந்தா அக்கா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவது படத்தில் கண் திறந்திருந்தது. நன்றாகவே இருந்தேன்.

ஜனவரி 8, வியாழன்

என் வாயைத் தைக்க வேண்டும்.

வருகைப் பதிவேட்டைக் கொடுக்க ஆபீசுக்குப் போனேன். ஜெசிந்தா அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். ஸ்டுடியோக்காரர் பென் டிரைவில் கொடுத்த படங்களுக்கு போட்டோ (1), போட்டோ (2) என்றுதான் பெயர். ஒவ்வொன்றின் பெயரையும் மாற்றி அந்தந்தப் பெண்ணின் பதிவு எண்ணை வைக்க வேண்டுமாம். அப்படி வைத்தால்தான் இணையதளத்தில் ஏற்ற முடியும். காலையிலிருந்து பத்தொன்பது முடித்திருக்கிறாள். நடுவில் போன், டிசி கேட்டு ஆள், சிஸ்டருக்குக் காப்பி.

"ஒரு லூப் போட்டா ரெண்டு நிமிஷம்க்கா," என்றேன்.

"லூப்னா?"

"பைக்குள்ள கைய விட்டு ஒரு படத்த எடு, பட்டியல்ல அடுத்த நம்பர அது முதுகுல ஒட்டு, வெளிய வை. பை காலியாகுற வரைக்கும் இதையே செய்யின்னு கம்ப்யூட்டர்ட்ட சொல்றது."

"நீ சொல்லுவியா?"

அந்த இடத்தில் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

ஆபீஸ் கணினியை மாணவிகள் தொடக்கூடாது. எங்கள் தலைமை ஆசிரியை சிஸ்டர் லூசியாவின் சட்டம் அது. பத்தாம் வகுப்பில் நான் எடுத்த மார்க்குக்கு கம்ப்யூட்டர் குரூப் கிடைத்திருக்காது. அம்மா ஜவுளிக்கடைக்கு லீவு போட்டு, இரண்டு நாள் சிஸ்டர் அறை வாசலில் நின்று வாங்கித் தந்தாள். "ஒரு புகார் வந்துச்சோ, டிசிய வாங்கிட்டுப் போயிரணும்" என்று அன்றைக்கே சிஸ்டர் சொல்லிவிட்டார். ஜெசிந்தா அக்காவும் நிரந்தரம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

ஆகவே சாப்பாட்டு நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு. எனக்குப் பயமெல்லாம் இல்லை. அந்தக் கதவு கிறீச்சிடாமல் இருந்தால் போதும்.

ஜனவரி 9, வெள்ளி

கணினிக்கு எண்ணத் தெரியாது. இதைப் போய் அறிவு என்கிறார்கள்.

வரிசைப்படுத்து என்றால் போட்டோ (1), அடுத்து போட்டோ (10), அடுத்து போட்டோ (100) என்று அடுக்குகிறது. இரண்டு என்பது எழுபத்தாறாவது இடத்தில் வந்து நிற்கிறது. எல்லாவற்றையும் எழுத்தாகத்தான் பார்க்கிறதாம், எண்ணாக இல்லையாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் ஒன்றுக்கு அடுத்தது இரண்டு என்று.

நல்ல வேளை, லேபில் என் சொந்த ஃபோல்டரில் அதே மாதிரி பெயர் வைத்த நூற்று அறுபத்து மூன்று வெற்றுக் கோப்புகளை வைத்துப் பார்த்தேன். அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பிரித்து எடுத்து, இது எண்தான் என்று அதற்கு எடுத்துச் சொல்லி, நிரலைத் திருத்துவதற்குள் மணி அடித்துவிட்டது.

வீட்டில் மாவாட்டும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உளுந்தில் தண்ணீர் கூடிவிட்டது. அம்மா கத்தினாள். மகராசி தமிழ்நாட்டின் அணைகளைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் ஒரு நிரல்கூட முழுதாக யோசிக்க முடியாது.

ஜனவரி 12, திங்கள்

முடிந்தது.

கதவைச் சாத்தினோம். ஃபோல்டரில் 164 என்று காட்டியது. ஒன்று கணினி தனக்காக ஒளித்து வைக்கும் ஏதோ ஒரு கோப்பாக இருக்கும், அப்படி வைக்கும் என்று கம்ப்யூட்டர் மிஸ் சொல்லியிருக்கிறார். ஓட்டினேன். திரையில் எண்கள் சரசரவென்று இறங்கின. நூற்று அறுபத்து மூன்று வரை போய், கடைசியில் சிவப்பு எழுத்தில் ஏதோ கத்தியது. இன்டெக்ஸ் என்னவோ. நூற்று அறுபத்து மூன்றும்தான் முடிந்துவிட்டதே. கத்தட்டும்.

முதல் பத்துப் படங்களைத் திறந்து பார்த்தோம். எல்லாம் சரி. மீதியையும் பார்ப்போமா என்று அக்கா கேட்டாள். ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு எதற்கு லூப் என்றேன். சிரித்துவிட்டு டிபன் பாக்சிலிருந்து ரவா லட்டு எடுத்துக் கொடுத்தாள்.

ஜனவரி 13, செவ்வாய்

எல்லாப் படத்தையும் ஏற்றிவிட்டார்களாம். சிஸ்டர் ஜெசிந்தா அக்காவிடம் "இந்த வருசம் சீக்கிரம் முடிச்சிட்டியே" என்றாராம். என் பெயரை யாரும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அப்பா வரவில்லை. கொல்லத்தில் அவர் வேலை பார்க்கும் பேக்கரியில் மாற்று ஆள் இல்லையாம். கரும்பு உதட்டைக் கிழித்துவிட்டது.

ஜனவரி 20, செவ்வாய்

படம் போட்ட பட்டியலை அச்செடுத்து, சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். இன்று முதல் நாற்பது பேர். எல்லாம் சரி என்றார்கள். நாளை நாங்கள்.

ஜனவரி 21, புதன்

ஒன்றும் புரியவில்லை.

இடைவேளைக்குப் பிறகு ஆபீஸ் வாசலில் வரிசை. என் பெயருக்கு எதிரே என் படம், கண்ணை மூடிக்கொண்டு. அண்ணாச்சி ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். பின்னாலிருந்து எஸ்தர் எட்டிப் பார்த்தாள்.

"எட்டி, இது நீயில்லா! எம் பேருக்கு நேரா நீ இளிச்சிட்டு நிக்க!"

அவளுக்கு அடுத்த ஃபாத்திமாவின் பெயருக்கு எஸ்தர் முகம். அதற்கு அடுத்தவளுக்கு ஃபாத்திமா. வரிசை முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி "நான் கஸ்தூரியாயிட்டேம்" என்று குதித்தாள். சத்தம் கேட்டு சிஸ்டர் வெளியே வந்தார். பட்டியலை வாங்கி ஒரு பக்கம் புரட்டினார், இன்னொரு பக்கம் புரட்டினார். சிரிப்பு நின்றது. இதைக் கொண்டுபோனால் பரீட்சை ஹாலில் யாரையும் உள்ளே விடமாட்டார்கள் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. கடைசிப் பெயர் ஜீனத். அவள் முகம் பட்டியலில் எங்கேயுமே இல்லை. அவள் அழ ஆரம்பித்தாள்.

ஜன்னல் ஓரம் நின்று கேட்டேன். எனக்கு வகுப்பு இருந்தது, இருந்தாலும் நின்றேன்.

"என்ன பண்ணி வச்சிருக்க ஜெசிந்தா?"

"நான்தாம் சிஸ்டர் தப்பா ஏத்திட்டேன்."

"வெள்ளிக்கெழம சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தாம் திருத்தலாம். தெரியுமா?"

"தெரியும் சிஸ்டர்."

"முடிச்சிரு. முடியலன்னா சனிக்கெழமலேருந்து நீ வர வேண்டாம்."

கடைசிவரை அக்கா என் பெயரை எடுக்கவில்லை.

ஸ்டுடியோக்காரர் படங்களை ஒழுங்காகக் கொடுத்திருக்க மாட்டார். அல்லது அக்காவின் பட்டியலில் ஏதோ பிசகு இருக்கும். அல்லது கணினி. என் நிரலில் பிழை இல்லை, நான் மூன்று முறை பார்த்தேன்.

ஜனவரி 22, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் ஆபீசுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. சிஸ்டர் நாற்காலியை அக்காவின் மேசைக்கு எதிரிலேயே போட்டு உட்கார்ந்திருந்தார். நான் சாக்பீஸ் வாங்க வந்ததாகச் சொன்னேன். இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது எங்கள் வகுப்பில் ஐந்து டப்பா சாக்பீஸ் இருக்கிறது.

வாங்கும்போது திரையைப் பார்த்தேன். அக்கா கையால் ஒவ்வொன்றாக மாற்றுகிறாள். ஒன்றுக்குப் பெயர் வைத்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது என்கிறது. ஆமாம், இருக்கும், அந்த எண் இன்னொருத்தியின் முகத்தில் ஒட்டியிருக்கிறதே. உடனே அக்கா பின்னால் 2 என்று சேர்க்கிறாள். இப்போது ஃபோல்டர் முழுக்க இரண்டுகள். எது யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை. மாலை ஐந்துக்கு எத்தனை முடிந்தது என்று சிஸ்டர் கேட்டது வராந்தா வரை கேட்டது. பதினொன்று.

இதை வேறு வழியில் செய்ய வேண்டும். பென் டிரைவிலிருந்து மறுபடி எடுத்து, கூடுதலாக இருப்பதை எடுத்துவிட்டு ஓட்டினால், நூற்று அறுபத்து மூன்று படம், நூற்று அறுபத்து மூன்று எண். சிவப்பாக எதுவும் வராது. அந்தச் சிவப்பு எழுத்துக்கு அர்த்தம் புத்தகத்தில் நூற்றுப் பத்தாம் பக்கத்தில் இருக்கிறது. பைக்குள் இன்னும் ஒரு முகம் இருக்கிறது, ஒட்ட நம்பர் இல்லை என்றுதான் அது கத்தியிருக்கிறது.

கூடுதல் படம் எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை.

அக்காவே கண்டுபிடித்துவிடுவாள். பெரியவள்தானே. நான் போய்ச் சொன்னால் அம்மா மறுபடி அந்த வாசலில் நிற்க வேண்டும். இந்தத் தடவை குரூப்புக்காக இல்லை, டிசிக்காக. பரீட்சைக்கு நாற்பது நாள்கூட இல்லை. நான் போகப் போவதில்லை. இதை எழுதுவதற்குள் டார்ச் இரண்டு முறை அணைந்துவிட்டது, அம்மா போனில் சார்ஜ் நிற்பதே இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

நிறைய எழுத வேண்டும். கை வலிக்கிறது.

காலையில் அரிசி அளக்கப் போனபோது டிரம் நகர்ந்திருந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். நேற்றைய பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், மகராசியின் குண்டு எழுத்து:

"கூடுதல் படம் எங்கிருந்து வந்தது? (அ) ஸ்டுடியோ (ஆ) கணினி (இ) ஜெசிந்தா (ஈ) ஜனவரி 6 பார்க்க."

(ஈ)யைச் சுற்றி வட்டம் வேறு போட்டிருந்தாள்.

என் வாழ்க்கையில் இவ்வளவு கோபம் வந்ததில்லை. "நீ படிக்கலாமா? அடுத்தவ நோட்ட நீ படிக்கலாமா?" என்று கத்தினேன். அவள் பல்தேய்த்துக்கொண்டே, "விடை சரியா தப்பா, அத மட்டும் சொல்லு," என்றாள். அம்மா அடுப்படியிலிருந்து என்னடி என்றாள். மகராசி, "ஒண்ணுமில்லம்மா, பொது அறிவு," என்றாள்.

தலைகூடச் சரியாகப் பின்னாமல் கிளம்பிவிட்டேன். தைரியத்தில் போனேன் என்று எழுத முடியாது. மகராசி மேல் இருந்த ஆத்திரத்தில் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஆத்திரம் தீர்ந்துவிட்டது, ஆனால் பள்ளி வந்துவிட்டது.

சிஸ்டர் அக்காவின் எதிரே அதே நாற்காலியில் இருந்தார்.

"மறுபடியும் சாக்பீஸா?"

"இல்ல சிஸ்டர். நான்தாம்."

"என்ன நீதாம்?"

"படத்துக்கெல்லாம் பேர் மாத்துனது. லூப் போட்டு. அக்கா இல்ல. அக்கா கம்ப்யூட்டர்ல, கதவச் சாத்திட்டு. எனக்கு ரெண்டு படம் எடுத்தாங்க சிஸ்டர், நான்தாம் கேட்டேன், கண்ண மூடிட்டேம்னு. அதுலருந்து எல்லாரும் ஒரு படம் தள்ளிப் போயிட்டாங்க."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ஒரு வருடம் ஆனது.

"எத்தன பேரு?"

"நூத்தி இருவத்தி ரெண்டு."

"உன்னால திருத்த முடியுமா?"

"முடியும்."

"போன தடவையும் இப்படித்தான சொல்லியிருப்ப?"

சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உக்காரு. திருத்து. செவ்வாய்க்கெழம உங்கம்மாவக் கூட்டிட்டு வா. ஜெசிந்தா, உன்ட்ட அப்புறம் பேசுதேன்."

பென் டிரைவிலிருந்து புதிதாக எடுத்தேன். 41, 42 இரண்டையும் திறந்தேன். இரண்டிலும் நான், ஒன்றில் கண் மூடி, ஒன்றில் திறந்து. கை மூடியதன் மேல்தான் போனது. அதை அழித்துவிட்டால் போதும்.

பின்னாலிருந்து சிஸ்டர், "நாப்பத்தொண்ணு வரைக்கும் சரியாத்தான இருக்கு? அதத் தொடாத. நாப்பத்திரெண்டுலேருந்து மட்டும் மாத்து," என்றார்.

வாயைத் திறந்தேன். இந்தப் பெண்ணுக்கு இன்னும் நல்ல படம்தான் கேடா என்று அவர் கேட்பது காதில் விழுந்தது, அவர் கேட்காமலேயே. மூடிக்கொண்டேன். கண் திறந்த படத்தை அழித்தேன்.

ஓட்டினேன். நூற்று அறுபத்து மூன்று. சிவப்பு இல்லை. இந்தத் தடவை ஒவ்வொரு படத்தையும் திறந்து, பெயரைச் சத்தமாகப் படித்தேன். அக்கா பட்டியலில் டிக் போட்டாள். சிஸ்டரும் கூடவே பார்த்தார். "இவ யாரு, பல்லக் காட்டிட்டு நிக்கா" என்று நடு நடுவே கேட்டார். நூற்று அறுபத்து மூன்று முகத்தையும் பார்த்தேன். ஜீனத் கடைசியில் வந்தாள், அவள் எண்ணிலேயே.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேதனை. திருத்தத்தை ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற முடியும். அதற்கு லூப் கிடையாது. எங்கள் பள்ளி நெட்டில் ஒரு படம் போக மூன்று நிமிடம். சாப்பிடவில்லை. எஸ்தர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எட்டி, எனக்கு எம் மூஞ்சி வந்துட்டா?" என்றாள். "வந்துட்டு, ஆனா மாத்தமில்ல," என்றேன். சிஸ்டர் மேசையைத் தட்டினார்.

நாலு ஐம்பதுக்கு ஜீனத் ஏறினாள். சிஸ்டர் ஜெபம் சொல்ல சாப்பலுக்குப் போயிருந்தார். அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னும் பத்து நிமிசம் இருக்கு பிள்ள. பென் டிரைவுல உன் நல்ல படம் இருக்குல்லா? கதவச் சாத்திட்டு அதயும் மாத்திருவமா?"

கதவைப் பார்த்தேன்.

"வேண்டாம்க்கா. இதுவும் நான்தான."

கிளம்பும்போது கேட்டேன். "உங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சது? ரெண்டு படத்தாலதாம்னு?"

"புதங்கெழமயே. அன்னைக்கு டிக் போட்டது நான்தான."

"பெறகு ஏன் சொல்லல?"

"நீ வருவியா மாட்டியான்னு பாத்தேம்னு வச்சுக்க," என்று சொல்லிவிட்டு, அவளே தலையை ஆட்டினாள். "அதெல்லாம் இல்ல. கம்ப்யூட்டர ஒரு பிள்ளைக்குத் தொறந்துவிட்டேம்னு சொன்னா அன்னைக்கே போயிருப்பேன். எனக்கும் பயம்தாம்."

பெரியவர்களுக்கும் இருக்குமென்றால் முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஜனவரி 27, செவ்வாய்

அம்மா லீவு போட்டு வந்தாள். சிஸ்டர் நடந்ததைச் சொன்னார். அம்மா கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு போட்டாவுக்கு ரெண்டு தடவ நின்னியா?"

அம்மாவுக்கு அதுதான் பெரிய குற்றம்.

டிசி இல்லை. செய்முறைத் தேர்வு முடியும்வரை லேபை நான்தான் பெருக்க வேண்டும். ஜெசிந்தா அக்காவுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. வேலை இருக்கிறது. அம்மாவுக்குக் காப்பி கொண்டுவந்தவளே அவள்தான்.

இரவு மகராசியிடம், இனிமேல் நோட்டைத் தொட்டால் உன் அணைகள் புத்தகத்தை அணையிலேயே போடுவேன் என்றேன். "எந்த அணை?" என்றாள். இவளோடு வாழ முடியாது.

மார்ச் 2, திங்கள்

முதல் பரீட்சை. தமிழ்.

ஹால் கண்காணிப்புக்கு வேறு பள்ளியிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். ஒவ்வொரு மேசையாக ஹால் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"இது நீதானாம்மா?"

"ஆமா சார்."

"தூங்கிட்டு இருக்க மாதிரில்லா இருக்கு. எங்க, கண்ண மூடு பாப்போம்."

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மூடினேன். விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. நேராக, தாடையை நிமிர்த்தி, அன்றைக்கு நின்ற மாதிரியே இருந்தேன்.

"சரி, நீதாம். தெற."

திறந்தபோது வினாத்தாள் மேசையில் இருந்தது. பின்னால் எஸ்தர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தாள். சார் அவள் சீட்டை எடுத்தார், ஒரு முறை பார்த்தார், திருப்பி வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.